மாட்டின் நிறம்

ஸ்கூல்கில் ஆற்றங்கரைப் படைமுகாம், பென்சில்வேனியா
பிப்ரவரி 1778

என் பிரியமானவளே,

எங்கள் சட்டசபை அனுப்பிய குழுவோடு இங்கே வந்து ஆறு நாளாகிறது. செத்த குதிரைகளைப் புதைக்கக்கூட வீரர்களுக்குத் தெம்பில்லை. இறைச்சியைக் கண்டு நாலு நாளாயிற்று என்றார்கள்.

இறைச்சி ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். படைக்கு மாடு வாங்குகிறவர்கள் ஒவ்வொரு மாட்டின் நிறத்தையும் அடையாளத்தையும் எழுதிவைக்க வேண்டும் என்று போன கோடையில் சபை விதி போட்டது. திருட்டைத் தடுக்கத்தான். அதை எழுதியவன் நான். "எங்களைத் திருடன்னு நினைக்கிறவங்களுக்கு நாங்க எதுக்கு?" என்று அனுபவமுள்ளவர்கள் எல்லாரும் விலகிப்போனார்கள்.

நம் ஆசகேல் ஒரு குடிசையில் காய்ச்சலோடு கிடந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"அப்பா, பசியில கண்ணு இருட்டுது. மாட்டுக்கு நிறம் கேட்ட புண்ணியவான் யாருப்பா? நீங்க அங்கதானே இருக்கீங்க, பேரைச் சொல்லுங்க."

"பெரிய சபைடா. பலபேர் சேர்ந்து போட்டது" என்றேன்.

"நீங்களாவது வேணாம்னு சொல்லியிருப்பீங்க, இல்ல?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஆமாம் என்றேன்.

வியாழக்கிழமை காலை அவனுடைய போர்வையைப் பக்கத்தில் படுத்திருந்தவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் தடுக்கவில்லை. குன்றின் கிழக்குச் சரிவில், வெயில் படுகிற இடமாகப் பார்த்து நானே அவனுக்குக் குழி தோண்டச் சொன்னேன்.

மாடு வாங்கப் புதிய விதிகள் வேண்டுமாம். என் வாசகம் தெளிவாக இருக்கும் என்று குழுவினர் இன்று என்னையே எழுதச் சொன்னார்கள். மை உறைந்துவிட்டது என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, உனக்கு இதை எழுதுகிறேன்.

உன் கணவன்