பர்ஃபியின் பின்னங்கால்

ஜூன் 14, சனி
எங்கள் குதிரை பர்ஃபியின் பின்னங்காலில் இருந்த கட்டியை டாக்டர் ஜானட் அறுத்தெடுத்து ஆறு நாள். இன்று தையல் பிரிந்துவிட்டது. குதிரைக்குக் கீழ்க்காலில் தோல் இறுக்கம், இப்படி ஆவது உண்டு, திறந்தே ஆறட்டும், மூன்று நாளைக்கு ஒருமுறை கட்டு மாற்றினால் போதும் என்றார். மூன்று நாளா? எண்ணூர் ஹைரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி போனாலே எங்கள் சோற்றுத் தட்டில் கரிப்புழுதி. கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற வெள்ளைக் குதிரை வேறு. தினமும் தேய்த்துத் தேய்த்து வளர்த்தது.

ஜூன் 26, வியாழன்
பள்ளம் நிறைந்துவிட்டது. சிவப்பாக, பளபளவென்று. அல்ஹம்துலில்லாஹ்.

ஜூன் 27, வெள்ளி
சந்தோஷமாகக் காட்டினேன். டாக்டர் முகம் சுருங்கிவிட்டது. சதை தோலுக்கு மேலே வளர்ந்துவிட்டதாம், அதன்மேல் தோல் ஏறாதாம். கத்தியால் சீவினார். அத்தனை ரத்தம். பர்ஃபி பாட்டுக்குப் புல் மென்றது — அந்தச் சதைக்கு நரம்பே இல்லையாம். நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன். வளர்வது கெட்டது, வெட்டுவது நல்லதா? ஒன்றும் விளங்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்
மறுபடி வளர்ந்திருக்கிறது. ஏன்? மருந்து சரியாகத்தானே போடுகிறேன்? என் வீட்டுக்காரர் தௌசீஃப் மனம் விட்டுவிட்டார். "இது தேறாதுமே. யாருக்காச்சும் குட்த்துடலாம்."

நொண்டுகிற குதிரையை யார் எதற்கு வாங்குவார்கள்? சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். நான் இன்னாதான் தப்பு பண்றேன்?

ஜூலை 9, புதன்
சீவுவதற்கு முன், நீ கட்டு மாற்றுவதைச் செய்துகாட்டு என்றார் டாக்டர். தினமும் காலையில் செய்வதுபோலவே வெந்நீரும் பஞ்சும் எடுத்தேன். புண்ணின் ஓரத்தில் வெளுப்பாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். அது போகிறவரை தேய்ப்பேன். சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"கலீஜ் ஒட்டிகினு கீது டாக்டர்."

"கலீஜ் இல்ல ஷம்ஷாத். அதான்மா புதுத் தோல்."

தோல் வந்து மூடாததால்தான் சதை மேலே எழும்புகிறதாம். மூன்று நாளைக்கு ஒருமுறை என்றுதானே சொன்னார். நான் தினமும். நானே.

ஜூலை 10, வியாழன்
தௌசீஃபிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
இப்போது மூன்று நாளைக்கு ஒருமுறைதான் பிரிக்கிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அன்று சீவிய பிறகு சதை தோல் மட்டத்தைத் தாண்டவில்லை. அந்த வெளுத்த ஓரம் ஓர் அரிசி அகலம் உள்ளே வந்திருக்கிறது.

இன்று கட்டைப் பிரித்திருந்த நேரம் தௌசீஃப் வந்து குனிந்து பார்த்தார். "இன்னாமே, ஓரமெல்லாம் கலீஜா கீது," என்று பஞ்சை எடுத்தார். கையைப் பிடித்துக்கொண்டேன். விடாமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.