ஈஸ்டருக்கு வெறுந்தலை

பிப்ரவரி 14, 1956

வியாபாரம் மந்தம். மத்தியானம் மிஸஸ் ஹார்கிரோவ் வந்தாள். மெயின் தெருவில் துணியும் தொப்பியும் விற்கும் பெரிய கடைக்காரரின் மனைவி, வெள்ளைக்காரத் தாய்மார் மன்றத்தின் தலைவி. என் தொப்பிக் கடைக்குள் ஒரு வெள்ளைக்காரி கால் வைப்பது இதுவே முதல் தடவை.

வெள்ளைப் பள்ளியில் நம் கறுப்புப் பிள்ளைகளையும் சேர்க்கச் சொல்லிக் கொடுத்த மனுவிலிருந்து என் பெயரை எடுத்துவிட வேண்டுமாம். குரலில் தேன்.

"ஆம்பளைங்க கோவக்காரங்க, ஒடெஸ்ஸா. உன் நல்லதுக்குத்தான் நானே வந்து சொல்றேன்."

என்னைவிட எவ்வளவோ இளையவள். நான் அவளை மிஸஸ் என்கிறேன். அவள் என்னைப் பேர் சொல்லி நீ என்கிறாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? என் மகள் லோரீன் படிப்பதெல்லாம் அந்தப் பள்ளி கிழித்துக் கழித்த புத்தகம்.

பிப்ரவரி 23

பெயரை எடுக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 2

மெம்ஃபிஸ் மொத்த வியாபாரி சரக்கு அனுப்ப முடியாது என்கிறான். காரணம் சொல்லவில்லை. இத்தனை வருஷம் அவனிடம் ஒரு பைசா பாக்கி வைத்ததில்லை.

சாயங்காலம் வெர்லீன் வந்தாள். மிஸஸ் ஹார்கிரோவ் வீட்டுச் சமையற்காரி, என் பழைய சிநேகிதி. மனுவில் கையெழுத்துப் போட்டவர்களுக்குச் சரக்கு கொடுக்காதே என்று யார் யாருக்கு ஃபோன் பண்ணுவது என மன்றத்துப் பெண்கள் தேநீர் மேசையிலேயே பங்கு பிரித்துக்கொண்டார்களாம். கேக் பரிமாறியவள் இவள்தான்.

"என்னை வெச்சுக்கிட்டேதான் பேசுனாங்க ஒடெஸ்ஸா. நான் அவங்களுக்கு நாற்காலி மாதிரி."

ஆண்கள் மேடையில் கத்துகிறார்கள். காரியத்தை முடிப்பது இவர்கள் – சிரித்துக்கொண்டே, ஒரு ஃபோனில். நானும் வியாபாரிதான், வேலை சுத்தமாக நடந்திருப்பது எனக்குத் தெரியாதா?

ஈஸ்டருக்கு ஒரு மாதம்கூட இல்லை. அலமாரி காலி. ஈஸ்டர் போனால் கடை போச்சு. என்ன பண்ணப் போறேன் நான்?

மார்ச் 7

புதன்கிழமை ஜெபக் கூட்டம். ஈஸ்டருக்குப் புதுத் தொப்பி இல்லாமல் எங்கள் பெண்கள் தேவாலயப் படி ஏறியதே கிடையாது. இந்த வருஷம் மெயின் தெரு ஹார்கிரோவ் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை என்று நானே எழுந்து சொல்லிவிட்டேன். அங்கே கறுப்புப் பெண் தொப்பியைப் போட்டுப் பார்க்கக் கூடாது. ரொம்பக் கெஞ்சினால் முடிமேல் துணி போர்த்திப் பார்க்க விடுவார்கள்.

வெர்லீன் எழுந்தாள். "நம்ம தலை பட்டா கெட்டுப்போற தொப்பி நமக்கு எதுக்கு? நான் வெறுந்தலையோட வரேன். கர்த்தர் என்னை அடையாளம் கண்டுக்குவார்."

"கர்த்தர் கண்டுக்குவாரு, உன் வீட்டுக்காரன் கண்டுக்கணுமே" என்றது பின்வரிசை. சபையே சிரித்தது. அப்புறம் ஒவ்வொருத்தியாக எழுந்து நின்றார்கள். இது மிஸஸ் காதுக்குப் போனால் வெர்லீன் வேலை போய்விடும். தெரிந்துதான் சொன்னாள்.

ஏப்ரல் 1, ஈஸ்டர்

வந்தார்கள். எல்லோரும் வெறுந்தலை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைகள், நரைத்தவை, பின்னியவை. ஆண்டவரே, இவர்களை எனக்குக் கொடுத்தீரே.

ஏப்ரல் 12

மிஸ்டர் ஹார்கிரோவ் தன் கடைக் கணக்கப்பிள்ளையை என் கடைப் பின்வாசலுக்கு அனுப்பியிருந்தார். என் வாடிக்கையெல்லாம் அவரிடம் வந்துவிடும் என்று நம்பி வண்டி வண்டியாகத் தொப்பி இறக்கினாராம். அத்தனையும் அப்படியே கிடக்கிறது. அடக்க விலைக்கு எடுத்துக்கொள்வேனா? மிஸஸுக்குத் தெரிய வேண்டாமாம்.

பாதி விலை என்றேன். ஒத்துக்கொண்டான். மனுவில் இருக்கும் என் பெயரைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஏப்ரல் 14

ஒரே கூட்டம். ஒருத்தி ஏழு தொப்பி போட்டுப் பார்த்து ஒன்றும் வாங்காமல் போனாள். போகட்டும், மகராசி.

வெர்லீனுக்கு மஞ்சள் தொப்பி சும்மா கொடுத்தேன். "நான் என்ன பிச்சைக்காரியா?" என்று சண்டை பிடித்துவிட்டு, அணிந்துகொண்டே போனாள். வேலை இன்னும் இருக்கிறது. அவள் கைப் பிஸ்கட் இல்லாமல் மன்றம் கூடாதே.

மே 9

வெள்ளைப் பள்ளிக் கதவு திறக்கவில்லை. மனுவிலிருந்து பாதிப் பேர் விலகிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் பெயர் இருக்கிறது. கடையும் இருக்கிறது.

அடுத்த பருவத்துக்கு எத்தனை தொப்பி வேண்டும் என்று கேட்கப் போன வாரம் கணக்கப்பிள்ளை மறுபடியும் வந்தான். முதலாளியையே பகலில், முன்வாசல் வழியாக வந்து கேட்கச் சொன்னேன்.

இன்று மிஸ்டர் ஹார்கிரோவே வந்தார். உள்ளே நுழைந்ததும் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். கறுப்புப் பெண் முன்னால் வெள்ளைக்காரன் தொப்பியைக் கழற்றி இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. வெயில் காரணமாகவும் இருக்கலாம்.