அளவுக்கு ஓர் ஒட்டகம்

ஜனவரி 12, ஞாயிறு

காலையில் குள்ளியைத் தேநீர்க் கோப்பைக்குள் உட்கார வைத்தேன். குள்ளி என் மனைவி. அப்படி நான் மட்டும்தான் கூப்பிடலாம், வேறு யாராவது கூப்பிட்டால் கடித்துவிடுவாள். சன்னலோரம் வெள்ளைப் போர்வை, பக்கத்தில் மேசை விளக்கு, விளக்குக்கு முன்னால் எண்ணெய் தடவிய காகிதம். வெளிச்சம் மாவு சலித்த மாதிரி விழுந்தது. குளியலறை வாளிக்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, விளிம்பில் கையைப் போட்டுச் சிரித்தாள். பிறகு கணினியில் வாளியை வெட்டி எறிந்துவிட்டுக் கோப்பையை வைத்தேன். நிழலுக்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது. நிழல் பிசகினால் மொத்தமும் பல்லை இளித்துவிடும்.

குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் போட்டேன். பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். "அடுத்து அப்பாதானே?" என்று மூன்றாம் மாடி வக்கீல் எழுதினார்.

ஜனவரி 19, ஞாயிறு

அப்பாவையும் போட்டேன். மதியம் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். தொப்பையில் ஆறு பொம்மை மலையேறிகள், உச்சியில் கொடி.

சாயங்காலம் வீடே அதிர்ந்தது. "செயலாளர்னா ஒரு மரியாதை வேணாமாடா? தொட்டி கழுவறதப் பத்திப் பேசப் போறேன், எல்லாரும் என் வயித்தையே பாக்கறானுங்க."

அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கட்டடச் சங்கச் செயலாளர். தொட்டி என்பது போன வருடம் இவர் முன்னின்று மொட்டை மாடியில் ஏற்றிய இரண்டாவது தண்ணீர்த் தொட்டி. அதன் பெருமையை ஒரு தடவையாவது பேசாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

மன்னிப்புக் கேள் என்றாள் குள்ளி. கேட்கவில்லை. படம் நன்றாகத்தானே இருந்தது?

ஜனவரி 26, ஞாயிறு

பாலைவனம். ஒட்டகம் இருக்கிறது. கேக்கின் மேல் வந்த பொம்மை, சுண்டுவிரல் நகத்தின் உயரம். வெடித்த நிலம்தான் வேண்டும். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நான்காம் தூணில் முழங்கால் உயரத்துக்கு ஒரு விரிசல், ஓரமெல்லாம் துருக்கறை. ஒட்டகத்தைக் களிமண்ணால் தூணில் ஒட்டினேன். குள்ளியை டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னேன்.

"கொசு பிடுங்குது. இது என்ன ஒட்டகமா, மகாராணியா? சீக்கிரம் எடு."

படத்தைப் படுக்கப் போட்டதும் தூண் நிலமாகிவிட்டது, துரு அந்தி வெயிலாகிவிட்டது. விரிசல்தான் சோப்ளாங்கி, தலைமுடி அளவு. கணினியில் இழுத்து அகலமாக்கிக் கறுப்பைக் கொட்டினேன், ஒட்டகத்தின் முன்னங்கால் இறங்குகிற அளவுக்கு. இப்போது அது பள்ளத்தாக்கு.

குழுவில் போட்டுவிட்டு மூலப் படங்களையெல்லாம் அழித்தேன். போனில் இடமில்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஒட்டகத்தின் இரண்டாவது படத்துக்காகக் கீழே போனேன்.

ஏதோ சரியில்லை. ஒரே பார்வையில் தெரிந்தது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. போனில் குழுவைத் திறந்து ஜனவரி படத்தை எடுத்துத் தூணின் பக்கத்தில் பிடித்தேன்.

இரண்டும் ஒன்றாக இருந்தன.

ஒன்றாக இருக்கவே கூடாது. படத்தில் இருப்பது நான் இழுத்த அகலம். நான் ஜோடித்த பள்ளத்தாக்கு. அது தூணில் எப்படி வந்தது? ஒட்டகத்தை எடுத்து முன்னங்காலை வைத்தேன். இறங்கியது.

மார்ச் 17, திங்கள்

தொழிற்சாலையில் என் வேலை அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது. மெல்லிய தகடுகள் உள்ள இடைவெளி அளப்பானை இரவல் வாங்கி வந்து அளந்தேன். ஒன்றே கால் மில்லிமீட்டர். நீளம் இடுப்பு வரை. உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, மேல்கான்கிரீட்டைத் தள்ளுகிறது. போதாக்குறைக்குத் தலையில் ஒரு தொட்டி.

ஜனவரியில் எவ்வளவு இருந்தது? என்னிடம் அளவு இல்லை. மூலப் படம் இல்லை. நாள் முழுக்க அடுத்தவன் அளவில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். என்னிடம் இருப்பது ஓர் ஒட்டகப் படம்.

மார்ச் 23, ஞாயிறு

சங்கக் கூட்டம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நாளை யோசித்தால் எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

விரிசல் இரண்டு மாதத்தில் வளர்ந்திருக்கிறது, பொறியாளரைக் கூப்பிடுங்கள், அதுவரை புதுத் தொட்டியைக் காலி செய்யுங்கள் என்றேன். வக்கீல் நிதானமாகப் போனை எடுத்தார். ஒட்டகப் படமும் நான் நேற்று எடுத்துக் குழுவில் போட்ட படமும் பக்கம் பக்கமாக.

"தம்பி, இது நீங்க ஜனவரியில போட்டது?"

"ஆமா."

"இது நேத்து எடுத்தது?"

"ஆமா."

"ரெண்டும் ஒரே அளவாத்தானே இருக்கு?"

"ஜனவரி படத்துல நான்தான் அகலமாக்கினேன்."

"அப்ப அது பொய்?"

"அது வெளையாட்டு."

"நேத்து எடுத்தது?"

"அது நெஜம்."

கூடம் முழுக்கச் சிரிப்பு. "பொண்டாட்டிய டீ கப்புல போட்டவன்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கீழே வந்து அளந்து பாருங்கள் என்றேன். மேஸ்திரி பார்த்தாச்சு, வெறும் பூச்சு வெடிப்பாம் என்றார்கள்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். "மேஸ்திரிக்கும் தெரியல, உங்களுக்கும் தெரியல, செயலாளருக்குத் தொட்டியத் தவிர எதுவுமே தெரியாது" என்றேன். அத்தனை பேர் முன்னால்.

அப்பா தலை நிமிரவில்லை. பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் குள்ளி: "நீ தூணப் பத்திப் பேசல. அவரத் திட்டின. அவங்களுக்கு அது போதும்."

ஏப்ரல் 2, புதன்

நகராட்சி அலுவலகம். மூன்றாவது தடவை. குமாஸ்தா என் படத்தைப் பார்த்துவிட்டு, பழைய படம் இருந்தால்தான் வளர்ந்தது என்று எழுத முடியும் என்றார். அழித்துவிட்டேன் என்றேன். பாவமாகப் பார்த்தார். ஆய்வாளர் வருவாராம்.

ஏப்ரல் 19, சனி

நேற்று மேஸ்திரி விரிசலைப் பூசி மூடினார். இன்று காலை சந்தன நிறப் பெயிண்ட். மதியம் ஆய்வாளர் வந்தார். தூணைத் தட்டிப் பார்த்தார், கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார், போய்விட்டார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பூச்சின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடிப் பட்டையைப் பசை போட்டு ஒட்டினேன். பூச்சுக்குப் பின்னால் தூண் அசைந்தால் கண்ணாடி உடையும். கண்ணாடி யார் பக்கமும் பேசாது.

மே 11, ஞாயிறு

உடைந்துவிட்டது.

குழுவில் போட்டேன். "உடைக்கறது சுலபம், ஒட்டறதுதான் கஷ்டம்" என்று ஒருவர். "எந்த சாஃப்ட்வேர்?" என்று வக்கீல்.

மே 12, திங்கள்

அப்பாவைக் கீழே கூப்பிட்டேன். நேரில் பார்த்தால் போதும், ஐந்து நிமிடம்.

"கணக்குல ஒரு படி பொய்யின்னா மிச்சத்தத் திருத்தவே மாட்டேன்டா. முட்டைதான்" என்றார். செய்தித்தாளை மறுபடி விரித்துக்கொண்டார்.

கேமராவை மூட்டை கட்டிப் பரணில் போட்டேன். விளக்கையும்தான்.

மே 30, வெள்ளி

தூக்கமில்லை. வண்டியை எடுக்கும்போது தூணைத்தான் பார்க்கிறேன். முதல் மாடிக் குழந்தைகள் அதைச் சுற்றித்தான் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். போகச் சொன்னேன். "அங்கிள், ஒட்டகம் எங்க?" என்று கேட்டுவிட்டு ஓடினார்கள்.

எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்துவிட்டது. ஜனவரியில் அது தலைமுடி அளவுதானா? நான் இழுத்தேனா, ஏற்கெனவே அப்படித்தான் இருந்ததா? குள்ளியிடம் கேட்டேன்.

"டார்ச்சு பிடிச்சவ நான்தான். முடி அளவுதான் இருந்துச்சு" என்றாள். பிறகு, "நான் சொன்னாலும் கோப்பைக்குள்ள உக்காந்தவதானே" என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு பார்த்து வந்துவிட்டோம். அப்பா வரமாட்டேன் என்றார். "செயலாளரே வீட்டக் காலி பண்ணா மத்தவங்க என்ன நினைப்பாங்க?" அதைத்தானப்பா அவர்கள் நினைக்க வேண்டும்! கத்தினேன். குள்ளி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

சாமான் கட்டும்போது பொம்மைப் பெட்டியைப் பார்த்தேன். மலையேறிகள் ஆறு பேரும் இருந்தார்கள். ஒட்டகத்தைக் காணோம். போகட்டும். அதனால்தான் இத்தனையும்.

ஜூன் 24, செவ்வாய்

அப்பா போனை எடுக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

அப்பா ஒரு படம் அனுப்பியிருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவை. ஓரத்தில் அவர் கட்டைவிரல். நான்காம் தூண், சந்தனப் பூச்சு பெயர்ந்து தொங்குகிறது. விரிசல். அதன் பக்கத்தில் ஒட்டகம் — பக்கத்தில் இல்லை. உள்ளே. நாலு காலும் உள்ளே வைத்து நிற்கிறது.

கூப்பிட்டேன். உடனே எடுத்தார்.

"எடிட்டு இல்லடா."

"தெரியுதுப்பா."

"எனக்கு அதெல்லாம் பண்ணவே வராது."

"தெரியும்பா. உடனே கிளம்பி வாங்க."

"ஒரு மாசமா தினமும் ஒட்டகத்த வச்சுப் பாத்தேன். மொதல்ல ஒரு கால்தான் போச்சு." பிறகு சொன்னார்: "குழுவுலயும் போட்டுட்டேன். இனி நம்புவாங்க."

குழுவைத் திறந்தேன். சிரிக்கும் முகங்கள் ஒன்பது. கீழே வக்கீல்: "சார், நீங்களுமா? பையன் நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கான்."

ஜூலை 7, திங்கள்

அப்பாவைக் கூட்டிவந்தேன். ஒரே பை. சட்டைப்பையில் ஒட்டகம்.

காலையில் மாடிக்குப் போய்ப் புதுத் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறார். மொத்தத் தண்ணீரும் தெருவில். சண்டை. பத்தே நிமிடத்தில் மோட்டாரைப் போட்டுத் திரும்ப நிரப்ப ஆரம்பித்துவிட்டார்கள். செயலாளர் பதவியும் போயிற்று.

"அவ்வளவு எடைடா" என்றார், சாப்பிடும்போது. "நான்தானே வச்சேன்."

என்னிடம் பதில் இருந்தது. வழக்கமாக இருக்கும். சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

மறுபடி நகராட்சி. அப்பாவும் வந்தார், படத்தோடு. அதே குமாஸ்தா. ஏற்கெனவே ஆய்வு முடிந்த கட்டடம் என்றார். மனு வாங்கிக்கொண்டார்.

ஜூலை 13, ஞாயிறு

தினமும் காலை அப்பா பேருந்து ஏறி அங்கே போகிறார். படம் எடுத்துக் குழுவில் போடுகிறார். போகாதீர்கள் என்றால் கேட்பதில்லை. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரமாம், அப்போதாவது யாராவது நின்று பார்ப்பார்களாம். யாரும் நிற்பதில்லை. சிரிக்கவும் இப்போது யாரும் இல்லை, குழுவின் ஒலியை அணைத்து வைத்திருப்பார்கள்.

டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். கட்டைவிரலை எங்கே வைப்பது என்றும். எதையும் அழிக்காதீர்கள் என்றேன்.

"நான் அழிக்க மாட்டேன்டா" என்றார். குத்திச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது.

ஜூலை 17, வியாழன்

இன்றைய படம் வந்தது. விரல் இல்லை, ஆட்டமில்லை, நல்ல படம். ஒட்டகத்தைத்தான் காணவில்லை.

"அப்பா, ஒட்டகத்த வைக்க மறந்துட்டீங்க."

"மறக்கல. உத்துப் பாரு."

பார்த்தேன். கறுப்புக்குள், ரொம்ப உள்ளே, திமில் மட்டும் தெரிந்தது.

வெளிச்சத்தைக் கூட்டவில்லை. அப்படியே வைத்துக்கொண்டேன்.