நாற்பத்து நான்கில் நின்ற முள்

மாமு,

இன்று காலை மிஷின் கடையில் தையல் மிஷின் எண்ணெய் வாசம் அடித்தது. கடைக்காரர் ஒரு மைட்டர் மிஷினின் கம்பிகளை எண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். மரத்தை மூலை பொருந்தச் சாய்வாக வெட்டும் மிஷின். நம் இருவருக்கும் சண்டை மூட்டிவிட்ட அதே ஜாதி. நீ போய் எட்டு மாதமாகிறது. மிஷின் கடையில் நின்று அழுத முதல் தச்சன் நானாகத்தான் இருப்பேன்.

அன்றைக்கும் இப்படித்தான் இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தோம். சின்னது, மேலிருந்து அமுக்கினால் வெட்டும். அகலப் பலகை அதில் போகாது. பெரியது, இரண்டு கம்பிகளின் மேல் முன்னும் பின்னும் இழுத்து வெட்டுவது. நீ பையிலிருந்து மரச் சட்டங்களை எடுத்தாய். மிஷின் வாங்கப் போகும்போது மரத்தையும் தூக்கிக்கொண்டு போகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வெட்டிய இரண்டு துண்டில் ஒன்றைப் புரட்டி, மற்றதோடு ஒட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாய். சின்னது வெட்டியதில் இடுக்கே இல்லை. பெரியது வெட்டியதில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தது.

"இஸ்து வெட்றதுல ஆட்டம் கீது மாமு. நம்ம உப்புக் காத்துல கம்பி வேற துரு புட்ச்சிக்கும். சின்னதே போதும்."

"நீ எப்பவும் சின்னதாவே யோசி" என்றேன். என் வாய்க்கொழுப்பு. பெரியதையே வாங்கினேன். நீ சட்டங்களைப் பையில் போட்டுக்கொண்டு திருவொற்றியூருக்குப் பஸ் ஏறினாய். இரண்டு மாதம் நமக்குள் பேச்சில்லை.

அப்புறம் வந்தது அந்த ராயபுரம் வீடு. நான் தனியாக எடுத்த முதல் ஃபினிஷிங் வேலை. மகள் கல்யாணத்துக்காக வீட்டைச் சீர்செய்த அந்த அம்மா, செத்துப்போன கணவர் வாங்கிப் போட்டிருந்த தேக்கை எடுத்துக் கொடுத்தார். சுவரின் அடியில் சுற்றிலும் சட்டம் ஓட வேண்டும். "இதுக்கு மேல மரம் இல்லப்பா, பாத்து வெட்டு" என்றார்.

நான் எங்கே பார்த்தேன்? மிஷினின் கோண முள்ளை நாற்பத்தைந்து டிகிரியில் வைத்து நான்கு சட்டங்களை மளமளவென்று வெட்டினேன். மூலையில் வைத்தால் எல்லாம் வாயைப் பிளக்கின்றன. மிஷின் மோசம் என்று திட்டினேன். மீதி மரமும் போய்விட்டால் அந்த அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது? வெட்கத்தை விட்டு உனக்குப் போன் போட்டேன். கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். வரமாட்டாய் என்றே நினைத்தேன்.

ஒரு மணி நேரத்தில் வாசலில் நின்றாய். கையில் இரண்டு மரப்பட்டைகளை ஒரே திருகில் பூட்டிய உன் கோணமானி மட்டும். அதை மூலையில் விரித்து வைத்து அளந்தாய்.

"தொண்ணூத்திரண்டு கீது. மிஷின் நாப்பத்தஞ்சுன்னு சொல்ச்சி, சரி. செவுரு இன்னா சொல்லுதுன்னு கேட்டியா நீ?"

மிஷின் நேர்வெட்டைச் சுழியாக வைத்து எண்ணும்; நூற்றெண்பதில் தொண்ணூற்றிரண்டு போக மீதியில் பாதி என்று முள்ளை நாற்பத்து நான்கில் நிறுத்தினாய். முதலில் வேண்டாத சட்டத்தில் வெட்டிப் பார்த்து, அதில் பென்சிலால் 44 என்று எழுதினாய். பிறகு ஒவ்வொரு மூலையாக அளந்து வெட்டினோம். நான் கெடுத்த நான்கையும் மறுபடி வெட்டிச் சின்னச் சுவர்களுக்குத் திருப்பிவிட்டாய். மரம் போதுமானதாக இருந்தது.

நான் மிஷினைத் திட்டியதைக் கேட்டிருந்த அந்த அம்மா வந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "இந்த மிஷின யாருப்பா பாத்து வாங்குனது?"

நான் வாயைத் திறக்குமுன் நீ நிமிராமலே சொன்னாய்: "நாங்க ரெண்டு பேருந்தாம்மா பாத்து வாங்கினோம். மிஷின் நல்ல மிஷினு. பழைய வூடு, செவுருதான் கோணல்."

மாமு, அந்த ஒரு வார்த்தைக்கு நான் உனக்கு நன்றியே சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நாம் சேர்ந்தே வேலை பார்த்தோம். வேண்டாம் என்று சொன்ன மிஷினின் கம்பிகளுக்கு நீதான் தினமும் சாயங்காலம் எண்ணெய் விட்டுத் துடைத்தாய். ஒரு நாளும் "அப்பவே சொன்னேனே" என்று குத்திக்காட்டவில்லை. நெஞ்சுவலி வந்து நீ போன பிறகு எனக்கு அந்த எண்ணெய்த் துணியைத் தொடவே மனம் வரவில்லை. போன வாரம் இழுத்தால் கம்பி அசையவில்லை. துரு.

அதனால்தான் இன்று கடைக்குப் போனேன். பையில் இரண்டு சட்டம் கொண்டுபோனேன். ஒன்றில் உன் கையெழுத்து, 44. அதை வெட்டவில்லை, சும்மா கூட இருக்கட்டும் என்றுதான். மற்றதை வெட்டி, புரட்டி, ஒட்டி, வெளிச்சத்தில் பார்த்தேன். சின்னதை வாங்கினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியதும் என் மனைவி கேட்டாள்: "இன்னா, தனியா போயா இத பாத்து வாங்கின?"

"இல்ல," என்றேன். "நாங்க ரெண்டு பேருந்தான்."