துப்பட்டா இல்லாதவள்

ஏப்ரல் 8, செவ்வாய்
ஆற்றங்கரையில் இன்று நடையா அது? எங்கள் பஸ் டிப்போவில் ஓய்வுபெற்ற பெண்களை, வாராவாரம் சிவப்புக் கொடி பிடித்து நான்தான் நடத்திப் போகிறேன். வசந்த விழாப் புத்தாண்டுக்குப் பிறகு சேர்ந்த லீஃபன், விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் நிற்கிறாள். பட்டுத் துப்பட்டாவை உதறுகிறாள். படம் எடு என்கிறாள்.
"அக்கா, கொஞ்சம் நில்லுங்க. காத்துல பட்டு எப்படிப் பறக்குது பாருங்க!"
"நடக்க வந்தோமா, துணி காயப்போட வந்தோமா?"
என் பழைய சிநேகிதி குய்ஃபாங் மட்டும் சிரித்தாள். லீஃபனைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 15
ஆற்றங்கரைக்குப் பக்கத்துத் தோட்டத்தின் வட்ட வாசலை மறித்து லீஃபன் படத்துக்கு நின்றாள். பின்னால் கூட்டம். என் பழைய கண்டக்டர் விசிலை ஊதினேன். காவலாளி என்னைத்தான் திட்டினான்.
"அக்கா இன்னும் பஸ்ஸ விட்டு எறங்கல!" என்றாள் லீஃபன். எல்லோரும் சிரித்தார்கள். குய்ஃபாங்கும்.

ஏப்ரல் 21
குய்ஃபாங் போன். "நாளைக்கு மழையாம். நடை வேணாம்கிறாங்க."
"யாரு?"
"எல்லாரும்தான்."

ஏப்ரல் 22
மழையா? வெயில் மண்டையைப் பிளக்கிறது. தனியாகவே தோட்டத்துப் பக்கம் போனேன். குளத்தின் மேல் மடங்கி மடங்கிப் போகும் பாலத்தில் மொத்தக் கூட்டமும், திருப்பத்துக்கு ஒரு நிறத் துப்பட்டாவாக! குய்ஃபாங் என்னைப் பார்த்துவிட்டுத் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். பாவி, உன் அம்மா செத்தப்போ கூடவே உக்காந்திருந்தவ யாருடி?
மீன்களுக்குப் பொரி வாங்கிப் போட்டுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 29
செவ்வாய். யாரும் கூப்பிடவில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் எங்கோ தூரத்தில், ஷென்ஜென் நகரத்தில். செவ்வாய்க்கிழமைதான் யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். இன்று அதுவும் இல்லை.

மே 6
குய்ஃபாங் இறைச்சி பன்னோடு வாசலில் நின்றாள்.
"வாயேன் பெய்ஜென். லீஃபன் ஒண்ணும் சொல்ல மாட்டா."
ஒன்றும் சொல்ல மாட்டாளாம்! நான் ஆரம்பித்த நடைக்கு எனக்கே அனுமதி! பன்னை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.
சூடாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் தின்றேன்.

மே 13
போய்விட்டேன். துப்பட்டாக்களில் மஞ்சள்தான் மிச்சமாம். மற்ற நிறங்களை ஆளுக்கொன்று எடுத்துவிட்டார்கள். எனக்கு மஞ்சள் பிடிக்காது.
பாலத்தின் கடைசித் திருப்பத்தில் என்னை நிறுத்தினாள் லீஃபன். துப்பட்டாவை எப்படிப் பிடிப்பது என்று குய்ஃபாங் காட்டினாள்.
"பெய்ஜென் அக்கா, சிரிங்க!"
சிரித்தேன்.
வீட்டுக்கு வந்து கொடிக் கம்பிலிருந்து சிவப்புத் துணியைக் கழற்றிவிட்டு, அந்தக் கம்பைப் பால்கனித் தக்காளிச் செடிக்கு ஊன்றினேன். நன்றாகத்தான் தாங்குகிறது.