மூன்றாம் வரிசையில் ஒரு கைத்தட்டல்

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

இன்று துறைமுகத்தில் மூன்று கன்டெய்னர் பாரம் சிக்கிக்கொண்டது. கிள்ளான் வீட்டுக்கு வந்து சேர ஏழு மணி. கேட்டைத் திறக்கும்போதே மாடியில் மகள் வசுந்தராவின் டிரம்பெட். அதே நான்கு வரி, திரும்பத் திரும்ப. பக்கத்து வீட்டுத் தங்கமணி அக்கா கொடியில் துணி எடுத்துக்கொண்டே, பொண்ணு இன்னும் அதையேதான் ஊதுதா என்று கேட்டார். ஆமாம், அதையேதான் ஊதுகிறாள். பதினாறு வயதில் அறுபது பேர் ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் தனியாக நின்று ஊதப்போகிறவள் அதையேதான் ஊதுவாள். வாய்வரை வந்தது. சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து நாத்தனார் இராசேஸ்வரி போன். பெண் பிள்ளைக்கு டிரம்பெட் ஊதி ஊதி உதடு தடித்துப்போகுமாம், வீணையாவது படித்திருக்கலாமாம். ஐந்து வருடமாக இதே பல்லவி. பள்ளிக்கூட பேண்டில் சேர்ந்தபோது ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை. போனை வைத்துவிட்டுக் குகனிடம் கத்தினேன். என் கணவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "விடு உஷா."

விடமாட்டேன்.

9 ஆகஸ்ட், சனி

பிரிக்பீல்ட்ஸில் ஒத்திகை. இளையோர் ஆர்கெஸ்ட்ரா வருடத்துக்கு ஒரு பிள்ளையைத்தான் தேர்வு செய்து தனியாக வாசிக்க விடுகிறது. இந்த வருடம் என் பிள்ளை. போகும் வழியில் காரிலேயே எனக்குப் பாடம் எடுத்தாள். ஆர்கெஸ்ட்ராவோடு அவள் தனியாக ஊதப்போகும் கான்செர்ட்டோவுக்கு மூன்று பாகம். பாகத்துக்கும் பாகத்துக்கும் நடுவில் கைதட்டக் கூடாது. மூன்றாவது முடிந்தபிறகுதான். நடுவில் தட்டினால் என்ன ஆகிவிடும் என்றேன். "மனசு கலைஞ்சிடும்மா, உதடும் ஆறிடும்" என்றாள்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று. ஜெர்மனி இசைப்பள்ளிக்கு விண்ணப்பம் அனுப்புகிறாள். ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்த வீடியோ வேண்டுமாம், மூன்று பாகமும் ஒரே ஓட்டத்தில், எங்கும் வெட்டாமல். அக்டோபர் ஒன்றாம் தேதிக்குள். அவளுக்கு இருக்கும் ஒரே கச்சேரி செப்டம்பர் 21. அதை விட்டால் அடுத்த வருடம்தான்.

16 ஆகஸ்ட், சனி

கோபம் இன்னும் ஆறவில்லை. எழுதினால்தான் அடங்கும்.

ஆர்கெஸ்ட்ராவின் ஒருங்கிணைப்பாளர் ரமணி, பங்சார்க்காரர். காதில் வைரம், பேச்சில் பாதி ஆங்கிலம். டிக்கெட் விற்பனைப் பட்டியலோடு வந்தார். மற்ற பிள்ளைகளின் பெற்றோர் எத்தனை வாங்கினார்கள் என்று வரிசையாகச் சொன்னார். நான் இருபது கேட்டேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நம்ம ஆளுங்க இதுக்கெல்லாம் வரமாட்டாங்க லா, உஷா. பத்து எடுத்துக்குங்க, மிஞ்சினா திருப்பிக் குடுத்துடலாம்."

நம்ம ஆளுங்க! அந்த 'நம்ம'வில் அவர் இருந்தாரா? இல்லை. கிள்ளான் இருந்தது, என் அப்பா பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டம் இருந்தது, நான் இருந்தேன். அவரும் தமிழ்தானே, அவர் வருவாரே, அப்புறம் யார் வரமாட்டார்கள்? ஐந்து வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் உட்கார்ந்து வந்தவள் யார்?

நாற்பது வேண்டும் என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பை மறக்கமாட்டேன்.

23 ஆகஸ்ட், சனி

எங்கள் தாமான் குடியிருப்பின் தமிழர் சங்கத் தலைவர் பக்கிரிசாமி அண்ணனை அவருடைய டயர் கடையில் போய்ப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். நம் தாமான் பெண்ணா, அத்தனை பேருக்கு முன்னாலயா என்று இரண்டு முறை கேட்டார். சங்கமே பஸ் எடுக்கும், நாற்பது பேர் நிச்சயம் என்றார். ஒரே ஒரு ஆசைதான் அவருக்கு. பிள்ளைக்கு மேடையில் சங்கம் சார்பில் பொன்னாடை போர்த்த வேண்டும்.

வசுந்தராவுக்குப் பிடிக்காது, தெரியும். ஆனால் நாற்பது பேரை அழைத்து வருகிறவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? முடிந்து கைதட்டும்போது ஏறுங்கள் அண்ணே என்று சொல்லிவிட்டேன். ஆர்கெஸ்ட்ராவிடம் அனுமதி? கேட்டால் ரமணி மாட்டேன் என்பார். அதனால் கேட்கவில்லை.

5 செப்டம்பர், வெள்ளி

நாற்பத்திரண்டு டிக்கெட். ரமணி மேசையில் சீட்டுகளை எண்ணி வைத்தபோது என் பக்கம் திரும்பவே இல்லை.

14 செப்டம்பர், ஞாயிறு

சாப்பிடும்போது வசுந்தரா கேட்டாள், நடுவில் கைதட்டக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டதா என்று. சொல்லிட்டேன் என்றேன். சொல்லவில்லை.

எப்படிச் சொல்வது? சங்கத்துப் பெண்கள் ஒரு வாரமாக என்ன சேலை கட்டுவது என்று வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் போய், அம்மா, இப்போது தட்டாதீர்கள், அப்போது தட்டுங்கள் என்று சொன்னால், உங்களுக்கு உட்காரத் தெரியாது என்று சொன்ன மாதிரி ஆகாதா? ரமணி சொல்லலாம், என் வாயால் அது வராது. இந்தச் சட்டத்தை யார் போட்டது? நன்றாக வாசித்தால் தட்டத்தான் செய்வார்கள். அதற்குத்தானே கை இருக்கிறது?

21 செப்டம்பர், ஞாயிறு

பங்சாரில் கல்லூரி மண்டபம், மாலை மூன்று மணி. மூன்றாவது வரிசையும் நான்காவது வரிசையும் எங்கள் ஆட்கள். மல்லிகைப்பூ வாசனை. ரமணி என்னிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

வசுந்தரா வந்தாள். கறுப்புச் சட்டை, முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். எப்படி வாசித்தாள் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. முதல் பாகத்தின் கடைசியில் ஆர்கெஸ்ட்ரா முழுக்க வாசிப்பை நிறுத்திவிட அவள் மட்டும் ஊதினாள், மேலே மேலே போனாள், ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து பெரிதாக முடித்தார்கள்.

மூன்றாம் வரிசையில் யாரோ கைதட்டினார்கள். உடனே நாற்பத்திரண்டு பேரும். பக்கிரிசாமி அண்ணன் இதுதான் முடிவு என்று நினைத்து, பொன்னாடைத் தட்டோடு, கூட இரண்டு பேரோடு, பக்கத்துப் படியில் ஏறிவிட்டார். வசுந்தராவுக்கு ஒன்று. ஆர்கெஸ்ட்ரா நடத்துனர் மிஸ்டர் ஹாரிஸுக்கு ஒன்று. அவர் கோலைக் கையில் பிடித்தபடி நின்றார், பாவம். பிறகு போட்டோ. போட்டோ எடுப்பவரைக் காணவில்லை என்று தேடினார்கள். வயலின் பிள்ளைகள் வாய்பொத்திச் சிரித்தார்கள். இடைவேளை என்று நினைத்துக் கேமராக்காரர் கேமராவை நிறுத்திவிட்டார்.

ஆறு நிமிடம். வசுந்தரா பொன்னாடையை மடித்து நடத்துனர் மேடைக் கம்பியில் போட்டுவிட்டு இரண்டாம் பாகத்தை ஆரம்பித்தாள். முதல் நீண்ட சுரமே உடைந்தது. உதடு ஆறிப்போயிருந்தது.

மேடைக்குப் பின்னால் போனபோது டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வீடியோ போச்சும்மா." அவ்வளவுதான் சொன்னாள்.

22 செப்டம்பர், திங்கள்

வேலைக்கு லீவு போட்டேன். நேராக டயர் கடை. தூங்கவே இல்லை, என்ன சொல்வது என்று ராத்திரி முழுக்கத் தயார் செய்து வைத்திருந்தேன். என் பிள்ளையின் ஒரு வருடம் போச்சு அண்ணே, உங்க ஒரு பொன்னாடைக்காக என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. கோபப்படவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"நீங்கதானம்மா சொன்னீங்க, கைதட்டறப்ப ஏறுங்கன்னு. தட்டுனாங்க, ஏறுனேன். மூணு பாகம் இருக்குன்னு எங்கள்ல ஒருத்தருக்குமே தெரியாதே."

வேலையாட்கள் எல்லோரும் பார்த்தார்கள். நான் காரில் ஏறி வந்துவிட்டேன்.

யாரோ ஒருத்தர் தட்டப்போய்த்தானே இவ்வளவும்? முதலில் தட்டினவர்தான் பொறுப்பு.

24 செப்டம்பர், புதன்

எழுதியே ஆகவேண்டும்.

வீடியோ வந்தது. கூடத்து டிவியில் மூவரும் பார்த்தோம். கேமரா பின்னாலிருந்து எடுத்தது, வரிசை வரிசையாகத் தலைகள் தெரிந்தன. முதல் பாகம் முடிகிறது. ஒரு விநாடி அமைதி. மூன்றாம் வரிசையில் தலைக்கு மேலே இரண்டு கை எழும்புகிறது. பச்சைச் சேலை.

வசுந்தரா அந்த இடத்தில் நிறுத்தினாள். குகன் தரையைப் பார்த்தார். விடு உஷா என்றுகூடச் சொல்லவில்லை.

நான்தான். ஞாயிற்றுக்கிழமையே தெரியும். தட்டும்போதே தெரியும். யாரோ என்று எழுதினேனே, இந்த நோட்டை வேறு யார் படிக்கப்போகிறார்கள், யாரிடம் மறைத்தேன்? எங்கள் ஆட்களில் சட்டம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அவள் வாசித்தது தாங்க முடியாமல் தட்டினேன், அது பாதி. மீதி, ரமணி காதில் விழட்டும் என்று தட்டினேன். பார், வந்திருக்கிறோம், பார், என்று.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை என்பதை, பொன்னாடைக்கு ஒத்துக்கொண்டதை. அவர்கள் மனம் நோகும் என்றுதான் சொல்லவில்லை என்றேன். அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன்.

"ரமணி ஆன்டி, அவங்க வரமாட்டாங்கன்னு நெனச்சாங்க. நீங்க, வந்தாலும் புரியாதுன்னு நெனச்சீங்க. ரெண்டும் ஒண்ணுதான்மா."

மாடிக்குப் போய்விட்டாள். ஊதும் சத்தம் கேட்கவில்லை.

என்னையும் ரமணியையும் ஒரே தராசில் வைத்துவிட்டாளே என்று கொதிக்குது. யாரைத் திட்டுறது? என்னைத்தான் திட்டணும்.

26 செப்டம்பர், வெள்ளி

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாம் செய்திருக்கிறாள். ஞாயிறு காலை அதே மண்டபத்தில் ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒத்திகை, அதில் மூன்று பாகத்தையும் மறுபடி வீடியோ எடுக்க ஒரு மணி நேரம் மிஸ்டர் ஹாரிஸ் தருகிறார். ஆளில்லாத மண்டபத்தில் டிரம்பெட் எதிரொலித்துக்கொண்டே இருக்குமாம், உட்கார ஆள் வேண்டுமாம். பக்கிரிசாமி அண்ணனுக்கு அவளே போன் செய்திருக்கிறாள். சங்கத்து வாட்ஸ்அப்பில் அவளே குரல் பதிவு போட்டிருக்கிறாள், மூன்று பாகம், எங்கே தட்டக் கூடாது, எங்கே எவ்வளவு வேண்டுமானாலும் தட்டலாம் என்று. ஒன்றரை நிமிடம். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. கீழே பதில்கள்: சரி பாப்பா. சரிம்மா. ஓகே லா.

ஒருவருக்கும் மனம் நோகவில்லை.

நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். காரில் கொண்டுபோய் விடச் சொன்னாள். "அவங்க உள்ள இருக்கட்டும். நீங்க வெளிய இருங்கம்மா."

28 செப்டம்பர், ஞாயிறு

முப்பத்தொரு பேர் வந்தார்கள். பெண்கள் என் பக்கத்தில் நின்று, ஏன் நீங்க வரலையா என்று கேட்டார்கள். தலைவலி என்றேன். காவலாளி கதவைச் சாத்தினார். வராந்தாவில் ஒரு பெஞ்சு இருந்தது. உட்கார முடியவில்லை, கதவை ஒட்டி நின்றேன்.

முதல் பாகம். அந்தத் தனியான இடத்தில் மேலே போனாள், போன தடவையைவிட நிதானமாக. பெரிதாக முடித்தார்கள். என் இரண்டு கையும் தானாக மேலே வந்துவிட்டது. நெஞ்சுக்கு நேரே வந்ததும் பிடித்து நிறுத்தினேன். உள்ளே ஒரு சத்தம் இல்லை. இருமல்கூட இல்லை. முப்பத்தொரு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவு எளிது. நான் உள்ளே இருந்திருந்தால் இன்றைக்கும் கெடுத்திருப்பேன்.

இரண்டாம் பாகத்தின் நீண்ட சுரம் உடையாமல் வந்தது. சுவரில் சாய்ந்து அழுதேன். காவலாளி தண்ணீர் கொடுத்தார்.

எல்லாம் முடிந்து அவர்கள் தட்டிய தட்டு வெளி கேட்டுவரை கேட்டிருக்கும். பக்கிரிசாமி அண்ணன் வந்து, மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்துத்தான் விட்டோம் என்றார். மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்காத மாதிரி பஸ்காரரைக் கூப்பிடப் போய்விட்டார்.

19 நவம்பர், புதன்

ஜெர்மனியிலிருந்து பதில். வீடியோவில் தேறிவிட்டாள். பிப்ரவரியில் நேரில் வந்து வாசிக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் துணைக்கு வரலாம்.

அவள் பதிலை இரண்டு முறை படித்தாள். பிறகு, அப்பா வரட்டும் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்கு யார் போவது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

ஐந்து வருடத்தில் குகன் ஒரு ஒத்திகைக்கு வந்ததில்லை. சுரம் எது, சத்தம் எது என்று தெரியாத மனுஷன்! தொண்டைவரை வந்தது. அவள் மாடிக்குப் போனபிறகு அவர் என்னிடம் வந்து, "நீ போ உஷா, நான் அவகிட்ட பேசறேன்" என்றார்.

"அவ உங்களத்தான் கேட்டா" என்றேன்.

சாயந்திரம் குளிர்கோட்டு வாங்கக் கடைக்குப் போனேன். இரண்டு வாங்கினேன், அவளுக்கு ஒன்று, குகனுக்கு ஒன்று.