அவசரம் இல்லையாம்

1979

மே 7, திங்கள்
காலை எட்டுக்கே வெயில் கொளுத்துகிறது. மெட்டுகுடாவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவதற்குள் சேலை கசங்கல். சட்டசபைச் செயலகம், மனுக் குழுப் பிரிவு. சிறுபான்மை சட்ட மாணவர்களுக்குக் கோடைப் பயிற்சி, உதவித்தொகை உண்டு. சபை கூடாத காலம், மண்டபம் காலி.

மைனாரிட்டி என்றால் உருது வருமா என்றார் சூப்பிரண்டு. வராது, கிறிஸ்தவள், தமிழ் என்றேன். இரண்டு வகையில் சிறுபான்மை, ஒன்றுக்கும் உதவாதவள் என்பதுபோல் ஒரு பார்வை. தெலுங்கு மனுக்களைத் தந்து இங்கிலீஷில் சுருக்கம் எழுதச் சொன்னார். எனக்குப் பள்ளிக்கூடத் தெலுங்குதான். எழுத்துக் கூட்டி வாசிப்பு.

நான் இன்டர்வியூ போன அன்று அப்பாவை (வயிற்றில் கட்டி) அம்மாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். திரும்பி வந்து சொன்னாள்: "ஆபரேஷனுக்கு அவசரம் இல்லியாம்ட்டி. நீ வேலைக்குப் போ. லீவு முடியட்டும், பாத்துக்கிடலாம்." அதனால்தான் ஒப்புக்கொண்டேன்.

மே 10, வியாழன்
வாங்க: மை, பார்லி, அப்பாவுக்கு ஆரஞ்சு. குடைக் கம்பி.
அப்பா கஞ்சி மட்டும். அதுவும் பாதி. ஆனால் ஆபீஸ் கதை முழுக்கக் கேட்க வேண்டும். மந்திரி நாற்காலியில் மெத்தை உண்டா என்பார்.

கூட வேலை பார்க்கும் நஸ்ரீன், உருது மனுக்கள் அவளுக்கு. கேன்டீன் டீ நக்கோ, வேண்டவே வேண்டாம் என்று வீட்டிலிருந்தே பிளாஸ்கில் கொண்டுவருகிறாள். எனக்கும் பாதி.

மே 13, ஞாயிறு
கோயிலில் அம்மா எல்லோரிடமும் "மகளுக்குச் சபையில வேலை" என்று சொல்லிவைத்திருக்கிறாள். ஐயர் அம்மா (போதகர் மனைவி) என்னைத் தனியே கூப்பிட்டு, எந்தச் சபையில் ஊழியம் என்று கேட்டார். அப்பாவிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பா வலியா, தெரியவில்லை.

மே 14, திங்கள்
புழுக்கம். மழை வராது.
ஒரு கிராமம் கிணறு கேட்ட மனு. சூப்பிரண்டு தெலுங்கில் குறிப்புச் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுத வேண்டும். "சர்ய அவசரம் லேது" என்றார். நடவடிக்கைக்கு அவசரம் இல்லை என்று எழுதினேன். அந்த வரியை அடித்தார். கோபம் இல்லை, சிரிப்புத்தான். "இது உங்க அரவத் தமிழ் அவசரம் இல்லம்மா. அவசரம்னா தேவை." நடவடிக்கை தேவையில்லை. தெரிந்த சொல்தான், வீட்டுத் தமிழ் முந்திக்கொண்டது.

நானும் சிரித்தேன். அடுத்த மனுவை எடுத்தேன். அப்புறம்தான் டாக்டர் தெலுங்குக்காரர் என்பது ஞாபகம் வந்தது. பாளையங்கோட்டையிலிருந்து கலியாணமாகி வந்த அம்மாவுக்கு இங்கே கடைத்தெரு உருதுதான் பழக்கம், தெலுங்கு இல்லை.
மனுவைக் கீழே வைத்தேன். நஸ்ரீன் என்ன என்று கேட்டாள். வெயில் என்றேன்.

மே 15, செவ்வாய்
அரை நாள் லீவு. ஆஸ்பத்திரி. பரவிவிட்டதாம், கத்தி வைத்துப் பயனில்லையாம். உங்க அம்மாவிடம் தெளிவாகச் சொன்னேனே என்றார் டாக்டர். தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார்.
வேறு டாக்டர்? இவரே கேட்டுப் பார்த்துவிட்டாராம். இன்னும் மூன்று மாதம் இருந்தால் அதிகமாம்.
பஸ்ஸில் அழுதேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

மே 16, புதன்
போகவில்லை. அம்மா கடைக்கு. அப்பா ஏன் போகலை என்றார். லீவு என்றேன். கொஞ்சநேரம் என்னையே பார்த்தார்.
"டாக்டரப் பாத்துட்டியோ?"
அவர் தலையணையைச் சரிசெய்தேன்.
"காஜிபேட், பெஜவாடானு காலமெல்லாம் ரயில் கார்டாப் போனவன்மா நான். அன்னைக்கு நானும் பக்கத்துலதான இருந்தேன். எனக்குத் தெலுங்கு தெரியாதா?"
அம்மா தப்பாகச் சொன்னபோது ஏன் திருத்தவில்லை என்று கேட்டேன். திருத்தியிருந்தால் நீ வேலைக்குப் போயிருப்பாயா என்றார். எனக்குக் கோபம் வந்தது. அந்த உடம்பின் மேல் போய்க் கோபம். அவர் கையைப் பிடித்துக்கொண்டே திட்டினேன்.

அம்மா ஆட்டெலும்போடு வந்தாள். சூப்பு. ஆபரேஷனைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டுமாம். அப்பா ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தார். நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் ஊத்து என்றார். பிறகு மெதுவாக எழுந்து குளியலறைக்குப் போய் வாந்தி. அம்மாவுக்குக் கேட்கக்கூடாதென்று நான் குழாயைத் திறந்துவிட்டேன்.